ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்து சேவை செய்யப் போற பட்டாளத்துக்காரங்களுக்கு: எந்த பேப்பர் முதல்ல, எவ்வளவு செலவு, எங்க மாட்டுவீங்க

நான் ஏஎஸ்சி, அதாவது ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். லெப்டினன்ட் கர்னலா 54 வயசுல வெளிய வந்தேன். ஊர்ல யார் பாத்தாலும் "சார், சண்டையில இருந்தீங்களா"ன்னுதான் கேப்பாங்க. நாங்க சண்டை போடுறவங்களுக்கு சோறு போடுற ஆளுங்கன்னு சொன்னா முகம் லேசா வாடிடும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டீசல், லாரி, மலை மேல ரோடு முடிஞ்சு போற இடத்துல கோவேறு கழுதை, இதெல்லாம்தான் நம்ம டிபார்ட்மென்ட். லடாக்ல இருந்தப்ப பனி விழுந்து பாஸ், அதாவது மலைக் கணவாய், மூடுறதுக்குள்ள ஆறு மாசத்துக்கான ரேஷனை மேல ஏத்தியாகணும், ஒரு ஜெரிக்கேன் குறைஞ்சாலும் வவுச்சர்ல காரணம் எழுதணும், எழுதலன்னா கோர்ட் ஆஃப் என்கொயரி. அப்படி வளந்த ஆளு நானு, ஊருக்கு வந்து ஒரு காகிதமும் இல்லாம பணம் வாங்கி மாட்டிக்கிட்டேன். அந்தக் கதையை சொல்லிட்டு வழிக்கு வரேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்படியே நின்னுடுச்சு. எங்க ஊரு தாமிரபரணிக் கரை. நான் சும்மா என் கோர்ஸ்மேட்ஸ் குரூப்ல "அரிசி வேணும்"னு ஒரு மெசேஜ் போட்டேன், அது எங்கெங்கயோ போயி பத்து நாள்ல என் பென்ஷன் அக்கவுன்ட்டுக்கு ஜிபேல மூணு லட்சத்து நாப்பதாயிரம் வந்துடுச்சு. எல்லாத்தையும் செலவு பண்ணேன், பில்லும் இருக்கு. ஆனா பொங்கல் முடிஞ்சு டீக்கடைல உக்காந்திருக்கேன், பின்னாடி பெஞ்சுல ஒருத்தர் மெதுவா, "பட்டாளத்துக்காரர் கணக்குல எவ்வளவு வந்துச்சாம்?"னு கேக்குறார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த வாரம் பணம் அனுப்புன ஒருத்தர் வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கேட்டார், கையில ஒண்ணும் இல்ல. ஆடிட்டர்கிட்ட போனா, "சார், இது உங்க வருமானமா இல்லையான்னு நாளைக்கு டிபார்ட்மென்ட் கேட்டா என்ன சொல்லுவீங்க"ன்னார்.

அதுக்கப்புறம் ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சு எல்லாத்தையும் ஒழுங்குக்கு கொண்டு வர ஆறு மாசம் ஓடிச்சு. அதுல ரெண்டு மாசம் என் முட்டாள்தனத்தால போனது. நீங்க அந்த ரெண்டு மாசத்தை மிச்சம் பிடிக்கலாம்.

1. ஊர் வேலைக்கு முன்னாடி உங்க சொந்த பேப்பரை முடிங்க

வந்த முதல் மாசமே மாலை போடுவாங்க, ஆண்டு விழாவுக்கு கூப்பிடுவாங்க, எல்லாம் ஓகே. ஆனா உங்க பென்ஷன், இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை மூணும் கைக்கு வராம வேற எதுலயும் இறங்காதீங்க. பாதியில ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா சேவையும் நிக்கும், வீட்லயும் திட்டு விழும்.

அடையாள அட்டை கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல. பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) காப்பி, டிஸ்சார்ஜ் புக் (ஆபீசர்னா ரிலீஸ் ஆர்டர்), ஆதார், பான், பேங்க் பாஸ்புக், போட்டோ, கூட சம்சாரம் பிள்ளைங்க ஆதார். ஒரிஜினலையும் கொண்டு போங்க. எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

இங்க நம்ம தமிழ்நாட்டு ஆளுங்களுக்குன்னே ஒரு பொறி இருக்கு, இனிஷியல். சர்வீஸ் ரெக்கார்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம் மாதிரி பின்னாடி இருக்கும், ஆதார்ல முன்னாடி ஒரு எழுத்து மட்டும் இருக்கும், பான்ல வேற மாதிரி விரிச்சிருப்பான். சம்சாரத்தோட பிறந்த தேதி பட்டாளத்து குடும்பப் பதிவான பார்ட் டூ ஆர்டர்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. நாம இருக்குற வரைக்கும் இது பெரிய விஷயமா தெரியாது, நாம போனப்புறம் குடும்ப பென்ஷனுக்கு அந்தம்மா அலையும். யூனிட்ல இருக்கும்போதே திருத்தினா ஒரு கிளார்க் முடிச்சுடுவார், வெளிய வந்தப்புறம்னா ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி மாசக்கணக்குல காத்திருக்கணும். இன்னும் சர்வீஸ்ல இருக்குறவங்க யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா இன்னைக்கே போயி பாருங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.

இசிஎச்எஸ்ஸுக்கு ஒரு தடவை கட்டுற பணம் ஆபீசருக்கு 1,20,000, ஜேசிஓவுக்கு (சுபேதார் மாதிரி ரேங்க்) 67,000, ஹவில்தார் வரைக்கும் 30,000. இது ரிட்டயர் ஆகும்போதே பிடிச்சுடுவாங்க, ஆனா பணம் பிடிச்சாச்சுன்னா கார்டு தானா வீட்டுக்கு வரும்னு நினைக்காதீங்க, ஆன்லைன்ல அப்ளை பண்ணி பாலிகிளினிக்ல வெரிஃபை ஆகணும். பென்ஷன் இப்ப ஸ்பர்ஷ்ங்கிற ஆன்லைன் போர்ட்டல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுள் சான்று கொடுக்கணும், ஜீவன் பிரமாண்ல போன்லயே முகத்தைக் காட்டி முடிக்கலாம். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டை டைரில எழுதி சம்சாரத்துக்கிட்டயும் சொல்லி வைங்க.

மிலிட்டரி கேன்டீன் கார்டு வந்ததும் ஊரே உறவாயிடும், சொல்லிட்டேன். "சேவை பண்றேன்"னு நான் அறிவிச்சதுக்கு முதல்ல வந்த மூணு கோரிக்கையும் சரக்கு பாட்டில்தான். ஒருத்தருக்கு கொடுத்தா முடிஞ்சுது. வெளிய விக்கிறதா புகார் போனா கார்டே பிளாக் ஆகும்.

2. டிரஸ்ட் உண்மையிலயே வேணுமான்னு யோசிங்க

பாதி பேருக்கு தேவையே இல்ல. காலைல கிரவுண்டுல பசங்களுக்கு ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓட்டம், பீம் (புல்-அப்) எடுக்க சொல்லித் தரப்போறீங்களா? விசிலும் ஸ்டாப்வாட்சும் போதும். ஸ்கூலுக்கு செய்யணும்னா பள்ளி மேலாண்மைக் குழுவுல முன்னாள் மாணவரா சேரலாம், பணமா கொடுக்கணும்னா "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியா அரசுப் பள்ளிக்கே நேரா போகும். ஊர் தண்ணி, ரோடு, லைட்டுன்னா கிராம சபையில எழுந்து பேசுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துல ஆறு தடவை நடக்குது. மனுவை எழுதிக் கொண்டு போங்க, தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சான்னு பாத்துட்டு வாங்க, வாயால சொன்னா காத்துல போயிடும்.

மத்தவங்க பணம் உங்க கைக்கு வரப்போகுதுன்னா மட்டும்தான் டிரஸ்ட். ஒரு தடவை வந்து நிக்கிறது இல்ல, தொடர்ந்து வரணும். அப்படி வந்தா டிரஸ்ட் இல்லாம ஒரு ரூபா வாங்காதீங்க.

இன்னொண்ணு, குளம் தூர் வாரணும்னு பலருக்கும் ஆசை. ஜேசிபியை கூப்பிடுறதுக்கு முன்னாடி அந்தக் குளம் யாரோடதுன்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது அந்தக் குளத்துத் தண்ணி பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு மேலன்னா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். எழுத்துல அனுமதி இல்லாம ஒரு கூடை மண்ணை வெளிய எடுத்தாலும் மணல் கேஸ் மாதிரி மேல வந்துடும், வண்டிக்காரன் வண்டியும் ஸ்டேஷன்ல நிக்கும்.

3. டிரஸ்டா சொசைட்டியா

சுருக்கமா சொல்றேன். சொசைட்டின்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைஞ்சது ஏழு பேர், மாவட்டப் பதிவாளர், வருஷா வருஷம் பொதுக்குழு, தேர்தல், ஃபைலிங். ஊர்ல தேர்தல்னாலே ரெண்டு கட்சி ஆயிடும், எனக்கு தெம்பு இல்ல. செக்‌ஷன் 8 கம்பெனி, அதாவது லாப நோக்கம் இல்லாத கம்பெனி, பெரிய ஆளுங்களுக்கு. டிரஸ்ட்தான் லேசு, சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு பத்திரம் பதிஞ்சா வேலை முடிஞ்சது.

டிரஸ்டிங்க எத்தனை பேர்? ரெண்டு பேர் இருந்தாலே போதும்பாங்க. மூணு பேர் போடுங்க, ஏன்னா பின்னால என்ஜிஓ தர்பன்ல, அதாவது தொண்டு நிறுவனங்களுக்கான அரசு போர்ட்டல்ல, பதியும்போது மூணு பேர் விவரம் கேப்பான். மூணும் உங்க வீட்டு ஆளா இருந்தா சட்டப்படி தப்பில்ல, ஆனா டீக்கடை பெஞ்சு விடாது. நான், ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், எங்க பக்கத்து ஊரு சுபேதார், மூணு பேரும் மூணு தெரு, அதாவது மூணு ஜாதின்னு புரிஞ்சுக்கோங்க. வேணும்னேதான் அப்படி போட்டேன்.

4. டீட் (டிரஸ்ட் பத்திரம்) எழுதுறது: நான் விழுந்த குழி

இதை மட்டும் மெதுவா படிங்க.

நான் ஒரு பத்திர எழுத்தர்கிட்ட போனேன். "அண்ணாச்சி, ஒரு டிரஸ்ட் டீட்"ன்னேன். "கவலையே படாதீங்க சார், ரெடியா இருக்கு, பேரை மட்டும் மாத்தணும்"னார். நாலாயிரம் ரூபா. பதினாலு பக்கம். வெள்ளிக்கிழமை நல்ல நேரம்னு அவசரம், கையெழுத்து போட்டாச்சு, பதிவும் ஆச்சு. முப்பது வருஷமா ஒரு மூட்டை பருப்புக்கு வர்ற வவுச்சரையே மூணு தடவை படிச்சுட்டு சைன் பண்ண ஆளு, சொந்த டிரஸ்ட் டீடை படிக்காம போட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஆடிட்டர் படிச்சுட்டு ஒன்பதாம் பக்கத்தை என் பக்கமா திருப்பி வைக்கிறார். "நமது சமுதாய மக்களின் முன்னேற்றத்திற்காக"ன்னு இருக்கு. அது ஏதோ ஒரு சங்கத்துக்கு எழுதின பழைய டீடு, அப்படியே காப்பி. குறிப்பிட்ட ஜாதிக்கோ மதப் பிரிவுக்கோ மட்டும் பலன் போற டிரஸ்டுக்கு 80ஜி கிடைக்காது. போதாததுக்கு கலைக்கும்போது சொத்து எங்க போகும்னு ஒரு வரி கூட இல்ல. மறுபடி ஒரு திருத்த டீட், மறுபடி மூணு பேரையும் ரெண்டு சாட்சியையும் கூட்டிட்டு போயி, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்கு முட்டி வலி, அந்த ஆபீஸ் மாடியில... விடுங்க.

டீட்ல இதெல்லாம் இருக்கான்னு பென்சிலால டிக் அடிச்சுட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க:

– ஜாதி, மதம், இனம் பாக்காம பொதுமக்கள் எல்லாருக்கும்ங்கிற வரி
– இது திரும்பப் பெற முடியாத டிரஸ்ட்ங்கிற வரி
– டிரஸ்டிங்களுக்கும் அவங்க சொந்தக்காரங்களுக்கும் வருமானத்துல பங்கு இல்லைங்கிற வரி
– கலைச்சா மிச்ச சொத்து இதே மாதிரி நோக்கம் உள்ள வேற டிரஸ்டுக்கு போகும்ங்கிற வரி
– வருஷா வருஷம் கணக்கு எழுதி தணிக்கை
– டிரஸ்டி இறந்தா, விலகினா அடுத்த ஆளை எப்படி சேக்குறது
– பேங்க் அக்கவுன்ட்ல யார் யார் கையெழுத்து

நோக்கங்களை அகலமா எழுதுங்க. நான் முதல்ல "வெள்ள நிவாரணம்"னு மட்டும் எழுத இருந்தேன், ஆடிட்டர்தான் கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல், ஏழைகளுக்கு உதவி எல்லாத்தையும் சேக்க சொன்னார். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்னா டீட்ல இடம் இருக்கணும்ல.

டீடை பத்திர எழுத்தர் எழுதட்டும், தப்பில்ல, ஆனா பதியுறதுக்கு முன்னாடி டிராஃப்டை ஆடிட்டர்கிட்ட காட்டுங்க. அவர் ஆயிரம் ரூபா வாங்கினாலும் கொடுங்க.

5. பதியுற அன்னைக்கு

ஆன்லைன்ல பதிவுத்துறை சைட்டான டிஎன்ரெஜிநெட்ல விவரத்தை ஏத்தி டோக்கன் எடுக்கணும், பத்திர எழுத்தரே செய்வார். நிலம், கட்டடம் எதுவும் டிரஸ்டுக்கு எழுதி வைக்காதீங்க இப்போதைக்கு. வெறும் பணத்தை மூலதனமா வச்சா போதும், நான் பத்தாயிரம் வச்சேன். சொத்து இல்லாத டீட் நாலாம் புத்தகம்ங்கிற பதிவேட்டுல பதிவாகும், லேசா முடியும். முத்திரைக் கட்டணத்தை எழுத்தர் சொல்றதை நம்பாம பதிவுத்துறை சைட்லயே பாத்துட்டு போங்க.

கொண்டு போக வேண்டியது: ஆரம்பிக்கிறவர், டிரஸ்டிங்க எல்லாரோட ஆதார், பான், போட்டோ, ரெண்டு சாட்சி அவங்க ஆதாரோட, ஆபீஸ் முகவரிக்கு ஆதாரம். இந்த கடைசி ஐட்டம்தான் வில்லங்கம். என் வீட்டு இபி கனெக்‌ஷன் இன்னும் எங்கப்பா பேர்ல, அவர் போயி பதினொரு வருஷம் ஆச்சு. வீடு என் பேர்ல, கரண்ட் பில்லு செத்தவர் பேர்ல. பதிவு ஆபீஸ்ல விட்டுட்டாங்க, பேங்க்ல விடல. இபி ஆபீஸ்ல பேர் மாத்தினப்புறம்தான் வேலை நகந்துச்சு. உங்க பில்லை இப்பவே எடுத்து பேரைப் பாருங்க. வீடு வேற ஒருத்தரோடதுன்னா அவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம்.

பதிஞ்சதும் சான்றிட்ட நகல் ரெண்டு மூணு கேட்டு வாங்கிடுங்க. நாலாம் புத்தகத்துல இருக்குற பத்திரத்துக்கு வெளி ஆளுக்கு நகல் தர மாட்டாங்க, சம்பந்தப்பட்டவர் போகணும், ஒவ்வொரு தடவையும் நீங்கதான் ஓடணும்.

6. பான், பேங்க்

பான் டிரஸ்ட் பேர்ல தனியா எடுக்கணும். நான் எடுத்தப்ப 107 ரூபா, ரெண்டு வாரத்துல கார்டு வந்துச்சு. டீட்ல டிரஸ்ட் பேரு எப்படி எழுத்துக்கு எழுத்து இருக்கோ அதே மாதிரி. "அறக்கட்டளை"ன்னு தமிழ்ல பதிஞ்சுட்டு பான்ல "டிரஸ்ட்"னு போட்டா அப்புறம் எல்லா இடத்துலயும் விளக்கம் சொல்லணும். அதனால டீட்லயே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேரை எழுதி வச்சுடுங்க.

பேங்க்ல மூணு வாரம் ஆச்சு. ஒரு கிளையில "டிரஸ்டா, மேலிடத்துல கேக்கணும்"னு சொல்லி அனுப்பிட்டு அப்புறம் கூப்பிடவே இல்ல. வேற பேங்க்ல போயி டீட், பான், டிரஸ்டிங்க தீர்மானம், எல்லாரோட ஆதாரும் கொடுத்ததும் திறந்தாங்க. ரெண்டு பேர் கையெழுத்து கட்டாயம்னு நாமளே கேட்டு எழுதி வாங்கணும். "நீங்க கர்னல், நீங்க மட்டும் போட்டா போதாதா சார்"னு மேனேஜர் மரியாதையாத்தான் கேட்டார், மரியாதை எல்லாம் வேண்டாம் ரெண்டு கையெழுத்து போதும்னேன்.

7. 12ஏ, 80ஜி, தர்பன்

12ஏ இருந்தா டிரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு. 80ஜி இருந்தா கொடுக்குறவருக்கு வரிச் சலுகை. ரெண்டும் தனித்தனி. ரெண்டுக்குமே 10ஏ ஃபார்ம், வருமான வரி போர்ட்டல்ல. அரசாங்கத்துக்கு கட்ட வேண்டிய ஃபீஸ் கிடையாது, ஆடிட்டர் ஃபீஸ்தான். "80ஜி வாங்கித் தரேன், அம்பதாயிரம் ஆகும், டெல்லில ஆள் இருக்கு"ன்னு ஒருத்தன் போன்ல வந்தான் எனக்கு, கட் பண்ணிட்டேன்.

முதல்ல கிடைக்கிறது தற்காலிகப் பதிவு, மூணு வருஷத்துக்கு. எனக்கு ஒரு மாசத்துக்குள்ள வந்துச்சு. பெருசா ஒண்ணும் கேக்காம கொடுத்துடுறாங்க, அதை வச்சு எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுடாதீங்க, அசல் பரீட்சை அப்புறம்தான். வேலை ஆரம்பிச்ச ஆறு மாசத்துக்குள்ள, இல்ல அந்த மூணு வருஷம் முடிய ஆறு மாசம் இருக்கும்போது, எது முன்னாடி வருதோ அதுக்குள்ள முறையான பதிவுக்கு 10ஏபி ஃபார்ம் போடணும். அப்பதான் டீட், கணக்கு, போட்டோ, பில்லு எல்லாத்தையும் கேப்பாங்க. இந்த தேதியை மறந்துட்டு தற்காலிகப் பதிவும் போயி முறையான பதிவும் இல்லாம நிக்கிற டிரஸ்டுங்க நிறைய.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் 2025 அமல், செக்‌ஷன் நம்பர், ஃபார்ம் நம்பரெல்லாம் அதுல வேற. நான் போட்டதும் இங்க சொல்றதும் எல்லாம் பழைய நம்பர், நீங்க போடும்போது ஆடிட்டர்கிட்ட புது நம்பரைக் கேட்டுக்கோங்க. 80ஜின்னு ஊரே பழகிடுச்சு, பேரு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

என்ஜிஓ தர்பன் நிதி ஆயோக் போர்ட்டல், இலவசம். கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் வேணும்னா அதுக்கு மேல சிஎஸ்ஆர் 1 ஃபார்ம், அதுக்கு 12ஏ, 80ஜி, ஒரு டிரஸ்டியோட டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் வேணும். முதல் வருஷமே சிஎஸ்ஆர் பின்னாடி ஓடாதீங்க, மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட் இருக்கான்னுதான் முதல்ல கேக்குறாங்க.

8. வெளிநாட்டுல இருந்து வர்ற பணம்

வெள்ளம்னா துபாய், சிங்கப்பூர், அமெரிக்கால இருந்து நம்ம ஆளுங்க துடிச்சுப் போயி அனுப்புவாங்க. இதுல பாஸ்போர்ட்தான் கணக்கு, ஆளு தமிழனான்னு சட்டம் பாக்காது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்குற என்ஆர்ஐ தன் சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டுப் பங்களிப்பு இல்ல, வாங்கலாம். குடியுரிமை மாத்தினவர், ஓசிஐ கார்டு மட்டும் இருக்குறவர், அவர் உங்க அக்கா மகனாவே இருந்தாலும் டிரஸ்டுக்கு அவர் பணம் வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டுப் பணம் வாங்குறதுக்கான பதிவு, இல்லாம தொடக்கூடாது. எஃப்சிஆர்ஏவுக்கு டிரஸ்ட் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும், பணம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுன்ட்ல மட்டும்தான் வரணும். நமக்கு இப்போதைக்கு அது எட்டாது.

என் மருமவன் ஒருத்தன் கனடா சிட்டிசன், அம்பதாயிரம் அனுப்புறேன்னான். "ஏலே, உங்க அம்மா பென்ஷன்ல இருந்து அவ இஷ்டத்துக்கு ஏதாச்சும் கொடுத்தா வாங்கிக்கிடுறேன், உன் பணம் வேண்டாம்"னேன். நாலு மாசம் பேசல அவன்.

9. சாமான் கணக்கு: இதுக்குத்தான் நாம பட்டாளத்துல சம்பளம் வாங்கினோம்

2023 வெள்ளத்துல நான் கண்ணால பாத்தது, ரோட்டோரம் முட்டி அளவுக்கு பழைய துணி, மழையில நனைஞ்சு நாறிட்டு கிடக்கு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு பொண்ணு கைப்புள்ளைக்கு பால் பவுடர் இல்லாம நிக்குது. அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதான், ஆனா யாரும் இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், வாங்கல. தேவை என்னன்னு கேக்காம சப்ளை பண்ணா இப்படித்தான்.

முதல் நாள் சாமானே கொண்டு போகாதீங்க, ஒரு நோட்டு கொண்டு போங்க. தெருவுக்கு ஒரு ஆளு. வீட்டு நம்பர், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, சுகர் பிரஷர் மாத்திரை யாருக்கு, அடுப்பு எரியுதா இல்லையா. அடுப்பு எரியாத வீட்டுக்கு அரிசி கொடுத்து என்ன பண்ண, அவங்களுக்கு சமைச்ச சாப்பாடு. மெழுகுவத்தி, தீப்பெட்டி, நாப்கின், கொசுவத்தி, குளோரின் மாத்திரை இதெல்லாம் யாரும் கொண்டு வர மாட்டாங்க, ஆனா இதைத்தான் எல்லா வீட்டுலயும் கேட்டாங்க.

அப்புறம் கணக்கு. நூறு வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி, அஞ்சு நாளைக்கு: 800 கிலோ. 25 கிலோ மூட்டை 32. ஒரு குட்டியானை வண்டி முக்கால் டன் ஏத்தும், அதனால அரிசிக்கு மட்டுமே ஒரு வண்டி பத்தாது, பருப்பு எண்ணெய் சேந்தா ரெண்டு நடை. இதை பேப்பர்ல போடாம வண்டிக்கு போன் பண்ணீங்கன்னா கடைசி பத்து வீட்டுக்கு வெறுங்கைய காட்டிட்டு வருவீங்க, அந்த பத்து வீடும் ஒரே தெருவா வேற இருக்கும், அப்புறம் அதுக்கு ஜாதி காரணம் கட்டிடுவாங்க. வண்டியில ஏத்தும்போது கடைசியா கொடுக்க வேண்டியதை முதல்ல ஏத்துங்க. தூரத்துத் தெருவுல இருந்து ஆரம்பிச்சு ரோட்டுப் பக்கம் வாங்க, ரோட்டோரத்துல இருக்குறவனுக்கு யாராச்சும் எப்படியும் கொடுத்துடுவான்.

கொடுத்ததும் கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு வாங்குங்க. போட்டோவுக்கு நிக்க வைக்காதீங்க அவங்கள, கையெழுத்து வாங்கினா அதுவே சாட்சி. ராத்திரி மூணு கணக்கும் ஒத்துப் போகணும், வந்தது, கொடுத்தது, மிச்சம். மிச்சத்தை டிரஸ்டி ரெண்டு பேர் எண்ணி லெட்ஜர்ல கையெழுத்து. பட்டாளத்துல இதுக்கு போர்டு ஆஃப் ஆபீசர்ஸ்னு பேரு, இங்க நானும் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும். அந்தம்மா சத்துணவு முட்டையை எண்ணிப் பழகினவங்க, என்னைவிட கறார்.

போறதுக்கு முன்னாடி தாசில்தார் ஆபீசுக்கு ஒரு போன், இல்லன்னா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எந்தப் பாலம் போச்சு, எந்த ஊருக்கு ஏற்கனவே வண்டி போயிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

10. வருஷா வருஷம்

மார்ச் 31ல கணக்கு மூடணும். மே 31க்குள்ள 10பிடி, அதாவது யார் எவ்வளவு கொடுத்தாங்கங்கிற பட்டியல், அவங்க பான், இல்லன்னா ஆதார் நம்பரோட. அதைப் போட்டாத்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சர்டிஃபிகேட் வரும். லேட்டானா ஒரு நாளைக்கு 200 ரூபா. அதனால பணம் வாங்கும்போதே பான் கேட்டு ரசீதுல எழுதிடுங்க, மே மாசம் எல்லாருக்கும் போன் பண்ணி பான் கேட்டுட்டு இருந்தா பாதிப்பேர் ஏதோ மோசடின்னு நம்பரை பிளாக் பண்ணிடுவான். ரொக்கமா 2,000க்கு மேல கொடுத்தா அவருக்கு 80ஜி சலுகை கிடையாது, முன்னாடியே சொல்லிடுங்க. ஆடிட் செப்டம்பர் 30, ரிட்டர்ன் ஐடிஆர் 7 அக்டோபர் 31. வந்த வருமானத்துல 85 சதவீதம் அந்த வருஷமே செலவாகியிருக்கணும், சேத்து வைக்கணும்னா தனி ஃபார்ம்.

எனக்கு மொத்தமா ஆன செலவு: ரெண்டு டீடுக்கும் சேத்து பதிவு, எழுத்துக்கூலி, ஆடிட்டர் ஃபீஸ், முத்திரை, லெட்டர்ஹெட், போக்குவரத்து எல்லாம் கிட்டத்தட்ட 35,000. டீடை ஒழுங்கா எழுதியிருந்தா அதுல பத்தாயிரம் மிச்சம். இதை என் பென்ஷன்ல இருந்து போட்டேன், டிரஸ்ட் பணத்துல எடுக்கல. வருஷத்துக்கு ஆடிட்டுக்கு ஒரு பத்து பன்னெண்டாயிரம் ஒதுக்கி வைங்க.

ரசீது புக்கு அச்சடிக்கும்போது ஒண்ணு. முதல் புக்கு 1ல இருந்து 200. ரெண்டாவது புக்கு 201ல இருந்து வரணும்னு பிரஸ்ல எழுதியே கொடுங்க. எனக்கு மறுபடியும் 1ல இருந்து அடிச்சுக் கொடுத்துட்டாங்க, அதுல ஏழு ரசீது கொடுத்தப்புறம்தான் கவனிச்சேன். அந்த ஏழு பேர் வீட்டுக்கும் போயி ரசீதைத் திரும்ப வாங்கி, "ரத்து"ன்னு குறுக்க கோடு போட்டு, கட்டைப் புக்கோட பின் அடிச்சு வச்சிருக்கேன். கிழிச்சு மட்டும் போட்டுடாதீங்க.